முதுகுப்பலகைக்கு ஃபிளாட்சான் மரம்: துணிந்து போடலாமா?

மரத்தூள்:

நண்பர்களுக்கு வணக்கம். மூன்றாவது அகௌஸ்டிக் கிட்டாருக்கு மரம் எடுத்து வைத்திருக்கிறேன். ஹோண்டுராஸ் மகோகனி. 52 மி.மீ கனம், 230 மி.மீ அகலம், 1.4 மீட்டர் நீளம். மூன்று வருடமாகக் கொட்டகை நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

குறுக்கு வெட்டைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கின்றன. அதாவது சுத்தமான ஃபிளாட்சான். முகத்தில் ரேகை கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கிறது. அந்த அழகுக்காகவே இதை முதுகுப்பலகையாகப் போட ஆசை.

ஆனால் படித்த இடமெல்லாம் ஒரே பல்லவிதான்: குவார்ட்டர்சான் போடு, வளையம் செங்குத்தாக நிற்க வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா? சத்தத்திலும் வித்தியாசம் வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுவேலை:

நான் கிட்டார் செய்பவன் அல்ல, பழுது பார்ப்பவன். வெடித்த முதுகுப்பலகைகள் நிறையவே என் மேசைக்கு வந்திருக்கின்றன. கோபுர ரேகை உள்ளவற்றில் வெடிப்பு அதிகம் என்பது என் அனுபவம். அதுவும் கோபுரத்தின் உச்சியிலிருந்து நேராகக் கீழே இறங்கும். என்னைக் கேட்டால், அந்தப் பலகையில் ஒரு அழகான பெட்டி செய்யுங்கள். கிட்டாருக்கு வேறு மரம் பாருங்கள்.

ஆறுதந்தி:

என்னிடம் இருக்கும் கிட்டாரின் முதுகு ஃபிளாட்சான் மகோகனிதான். 11 வருடமாக வாசிக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. செய்தவர் யார், எப்படிக் காயவைத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வாசிப்பவனின் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வயலின்களிலும் இது புதிதல்ல. இத்தாலியின் கிரெமோனா நகரத்துப் பழைய பட்டறைகளில் செய்த வயலின்களிலேயே ஃபிளாட்சான் மேப்பிள் முதுகு உண்டு.

வளையம்:

மரத்தூள், "ஃபிளாட்சான் ஆபத்தா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மரத்தின் ஃபிளாட்சான் என்று கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் காயும்போது மூன்று திசையில் மூன்று விதமாகச் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 0.1 அல்லது 0.2 சதவீதம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆர வாக்கில் ஒரு அளவு. வளையத்தை ஒட்டி ஓடும் தொடுகோட்டு வாக்கில் அதைவிட அதிகம். குவார்ட்டர்சான் பலகையின் அகலம் ஆர வாக்கில் இருக்கும், ஃபிளாட்சானின் அகலம் தொடுகோட்டு வாக்கில் இருக்கும். "ஃபிளாட்சான் அதிகம் ஆடும்" என்பதன் அடிப்படை இதுதான். அதில் பொய் இல்லை.

ஆனால் எவ்வளவு அதிகம் என்பது மரத்துக்கு மரம் மாறும். பச்சை மரம் முழுக்கக் காயும்வரை சுருங்கும் அளவைப் பாருங்கள். ஹோண்டுராஸ் மகோகனி ஆர வாக்கில் 3.0 சதவீதம், தொடுகோட்டு வாக்கில் 4.1. ஈட்டி மரம் (இந்திய ரோஸ்வுட்) 2.7, 5.8. கருப்பு வால்நட் 5.5, 7.8. ஷுகர் மேப்பிள் 4.8, 9.9.

இப்போது இதைக் கிட்டாருக்குக் கொண்டுவருவோம். முதுகின் அகலமான இடம் சுமார் 400 மி.மீ. பட்டறையில் காற்றின் ஈரப்பதம் 45 சதவீதம் இருக்கும்போது பிரேஸ், அதாவது முதுகின் உள்பக்கம் குறுக்கே ஓடும் தாங்கு கட்டைகள், ஒட்டுகிறோம். அப்போது மரத்துக்குள் ஈரம் சுமார் 8.5 சதவீதம். பிறகு கிட்டார் 25 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் பல வாரம் கிடக்கிறது. மரத்தின் ஈரம் 5.4-க்கு இறங்கும். பச்சை மரத்தில் நார் ஈரத்தால் நிறைந்திருக்கும் நிலையை 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சுருக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இந்த இறக்கத்தில் நடக்கும். கணக்குப் போட்டால்:

குவார்ட்டர்சான் மகோகனி 1.2 மி.மீ சுருங்கும். ஃபிளாட்சான் மகோகனி 1.7. குவார்ட்டர்சான் மேப்பிள் 2.0. குவார்ட்டர்சான் வால்நட் 2.3. ஃபிளாட்சான் ஈட்டி 2.4. ஃபிளாட்சான் மேப்பிள் 4.1.

வரிசையை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் பயமில்லாமல் போடும் குவார்ட்டர்சான் மேப்பிளைவிட, எல்லோரும் பயப்படும் ஃபிளாட்சான் மகோகனி குறைவாகத்தான் ஆடுகிறது. உங்கள் கையில் இருப்பது அந்த மகோகனி. இதையே ஃபிளாட்சான் மேப்பிள் என்று சொல்லியிருந்தால் நானும் ஒட்டுவேலை பக்கம் நின்றிருப்பேன்.

ஒட்டுவேலை:

கணக்கு சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சுருக்கம் மட்டும் வெடிப்பைத் தீர்மானிப்பதில்லை, மரம் எந்தத் தளத்தில் பிளக்கும் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மரத்தின் நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்கள் இருக்கின்றன அல்லவா, காயும்போது மரம் அந்தத் தளத்தை ஒட்டித்தான் முதலில் வாய் திறக்கும். ஃபிளாட்சான் பலகையில் அந்தத் தளம் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. விட்டால் மேலிருந்து கீழ்வரை நேராகப் போய்விடும். 2.5 மி.மீ கனத்தில் அதைத் தடுக்க என்ன இருக்கிறது?

வளையம்:

நல்ல குறிப்பு, ஒப்புக்கொள்கிறேன். முகத்தில் முடிக் கீறல்கள் ஃபிளாட்சானில் அதிகம் தெரிவதற்கும் அதுவே காரணம். ஆனால் ஒரு கேள்வி. உங்கள் மேசைக்கு வந்த கோபுர ரேகைப் பலகைகளில் மகோகனி எத்தனை, ரோஸ்வுட் எத்தனை?

ஒட்டுவேலை:

யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் ரோஸ்வுட்தான். அதிலும் பிரேசிலிய ரோஸ்வுட். ஃபிளாட்சான் மகோகனியில் முதுகு வெடித்து வந்தது எனக்கு ஞாபகத்தில் இரண்டுதான், அதில் ஒன்று கீழே விழுந்தது.

இதைக் கேட்டதும் எனக்கே ஒன்று உறைத்தது. பிரேசிலிய ரோஸ்வுட் 1992-இல் சைட்ஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) முதல் பட்டியலுக்குப் போய் வணிகம் அடைபட்டது. அதன் பிறகு கைக்கு வந்தவற்றில் பழைய அடிக்கட்டைகளில் அறுத்த பலகைகள் நிறைய. அடிக்கட்டையில் நார் நேராக ஓடாது. வேர் பிரியும் இடத்தில் முறுக்கிக்கொண்டு, ஒரே பலகையில் ஒரு பக்கம் ஃபிளாட்சான், இன்னொரு பக்கம் குறுக்கு நார் என்று இருக்கும். வெடிப்பதற்கு அதுவே போதும். அறுத்த விதத்தின் மேல் நான் போட்ட பழியில் பாதி அந்த நாரின் மேல் போயிருக்க வேண்டியது.

மரத்தூள்:

மிக்க நன்றி இருவருக்கும். வளையம், அந்த வரிசை என் கண்ணைத் திறந்தது. 52 மி.மீ கனம் இருப்பதால் பலகையை நிமிர்த்தி வைத்து அறுத்து, குவார்ட்டர்சான் பட்டிகளாக எடுக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் ஒவ்வொரு பட்டியும் 52 மி.மீ அகலம்தான் வரும். 400 மி.மீ முதுகுக்கு எட்டுத் துண்டு, ஏழு ஒட்டு. ரேகையும் போய்விடும். மனம் வரவில்லை.

சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

இழைப்புளி:

இந்த இழையை நேற்றே பார்த்தேன், நேரம் கிடைக்கவில்லை. 24 வருடமாகக் கிட்டார் செய்கிறேன். ஃபிளாட்சான் முதுகு போட்டவை பத்துக்கு மேல் இருக்கும். ஒன்றில் தோற்றேன். முதலில் அந்தத் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபிளாட்சான் மேப்பிள். பறவைக்கண் ரேகை. அந்த ரேகை ஃபிளாட்சான் முகத்தில்தான் விரியும், குவார்ட்டர்சானில் கண் தெரியாது. எனவே வேறு வழியில்லை. மழைக்காலத்தில் பிரேஸ் ஒட்டினேன். அறை ஈரப்பதம் 60-ஐத் தாண்டியிருந்தது. வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று அவசரப்பட்டேன். கிட்டார் கொடுத்த ஏழாவது மாதம் திரும்பி வந்தது: கீழ்க்கட்டையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு, இரண்டு பிரேஸ்களின் முனை எழும்பியிருந்தது. முதுகின் வளைவு முழுக்கத் தட்டையாகி, நடுவில் லேசாக உள்ளே போயிருந்தது. அதற்குப் புது முதுகு போட்டுக் கொடுத்தேன். மரத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 60 சதவீத ஈரத்தில் ஒட்டியது நான்.

அதிலிருந்து கற்றது: ஃபிளாட்சான் என்றால் பிரேஸ் ஒட்டும் நாளின் ஈரப்பதம்தான் எல்லாம். நான் 40-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறேன், 45-க்கு மேல் ஒட்டுவதே இல்லை. வறண்ட நிலையில் ஒட்டிய முதுகு பிறகு ஈரம் குடித்தால் வளைவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஈரத்தில் ஒட்டியது காய்ந்தால் இழுவிசை முழுவதும் நாரின் குறுக்கே விழும். உப்புவதை மரம் தாங்கும், இழுப்பதைத் தாங்காது.

சத்தத்துக்கு வருகிறேன். மகோகனியின் நீளவாக்கு விறைப்பை 100 என்று வைத்தால், ஆர வாக்கில் சுமார் 11, தொடுகோட்டு வாக்கில் சுமார் 6. ஆக ஃபிளாட்சான் பலகை குறுக்கே வளைத்தால் நன்றாகவே தொய்யும். கையில் எடுத்தாலே தெரியும், தட்டினாலும் தொனி கொஞ்சம் இறங்கிக் கேட்கும். ஆனால் முதுகில் குறுக்கே நான்கு பிரேஸ் ஓடுகின்றன. குறுக்கு விறைப்பை அவைதான் தருகின்றன, பலகை அல்ல. குவார்ட்டர்சானுக்கு 2.4 மி.மீ வைத்தால் ஃபிளாட்சானுக்கு 2.6 அல்லது 2.7 வைக்கிறேன். கிட்டார் முடிந்த பிறகு காதால் என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

முன்பலகை விஷயம் வேறு. அங்கே போடும் ஸ்ப்ரூஸ் மரத்தின் வளையம் சாய்ந்தாலே குறுக்கு விறைப்பு சரசரவென்று விழும். முதுகுக்குச் சொல்வதை யாரும் முன்பலகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.

ஆறுதந்தி:

சத்தம் பற்றி ஒரு தகவல். 2018-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ரோஜர் பக்னல் என்ற கிட்டார் தயாரிப்பாளர் ஆறு கிட்டார்களை ஒரே மாதிரி செய்தார். முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசிலிய ரோஸ்வுட்டும் உண்டு, மகோகனியும் உண்டு, மேப்பிளும் உண்டு. 52 வாசிப்பாளர்கள் மரத்தைப் பார்க்க முடியாதபடி வாசித்து மதிப்பெண் கொடுத்தார்கள். மரத்துக்கு மரம் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. மரத்தையே மாற்றினாலும் தெரியவில்லை என்றால், ஒரே மரத்தை அறுத்த விதம் எவ்வளவு தெரியும்?

மேளக்காரன்:

அந்தச் சோதனையை வைத்து முதுகே முக்கியமில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆறும் ஒரே கையால், ஒரே பிரேஸ் அமைப்போடு வந்தவை. மரம் என்ன என்பது பெரிதாகத் தெரியவில்லை என்றுதான் அது சொல்கிறது. முதுகை எவ்வளவு கனமாக, எவ்வளவு விறைப்பாக வைக்கிறோம் என்பது தெரியாது என்று சொல்லவில்லை.

1862-இல் ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் தயாரிப்பாளர் அந்தோனியோ டி டோரஸ் காகித அட்டையில் முதுகும் பக்கமும் வைத்து ஒரு கிட்டார் செய்தார், பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் காட்ட நினைத்தது முன்பலகையின் பெருமையை. சரி, ஆனாலும் அவரே மற்ற கிட்டார்களை அட்டையில் செய்யவில்லை.

இழைப்புளி:

மேளக்காரன் சொல்வது நியாயம். ஃபிளாட்சான் பலகையைக் கனம் கூட்டாமல் அப்படியே 2.2-க்கு இழைத்துவிட்டு, "சத்தம் தொளதொள என்று இருக்கிறது, ஃபிளாட்சான் மோசம்" என்றால் தவறு இழைத்த கையில் இருக்கிறது.

மரத்தூள், இன்னொரு விஷயம், யாரும் இன்னும் சொல்லாதது. பலகையைக் கனத்தின் நடுவில் கிழித்துப் புத்தகம் விரிப்பதுபோல விரித்துத்தானே ஒட்டப்போகிறீர்கள்? ஃபிளாட்சானில் அப்படி விரித்தால் ஒரு பாதியின் முகம் பட்டைப் பக்கம், மறு பாதியின் முகம் மரத்தின் நடுப் பக்கம். குறுக்கு வெட்டில் பாருங்கள்: ஒன்றில் வளையம் மேலே குவிந்திருக்கும், மற்றதில் கீழே. ஃபிளாட்சான் பலகை காயும்போது வளையம் நேராக முயலும், அதனால் பட்டைப் பக்கம் குழியும். ஆக உங்கள் இரண்டு பாதியும் எதிரெதிர்த் திசையில் வளையப் பார்க்கும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. வெளிச்சம் படும்போது பளபளப்பும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. வார்னிஷ் அடித்த பிறகு ஒரு பாதி சற்றுக் கருத்தும் மற்றது வெளுத்தும் தெரியும். இது குறை அல்ல. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதிர்ச்சி இருக்காது.

இதற்கு மருந்து ஓய்வுதான். கிழித்தவுடன் 4 மி.மீ அளவில் நிறுத்துங்கள். இடையே குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி வையுங்கள். கொட்டகையில் மூன்று வருடம் கிடந்தது என்பது கணக்கில் வராது, 52 மி.மீ கட்டையின் உள்ளிருந்து இப்போதுதான் வெளியே வந்த முகம் அது. இரண்டு பாதியையும் வாரம் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை மாறாமல் நிற்கும்போது, அறையும் 40 முதல் 45-க்குள் இருக்கும்போது, வேலையைத் தொடங்குங்கள்.

மரத்தூள்:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. வளையம் எதிரெதிராக வரும் என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. குறுக்கு வெட்டில் பென்சிலால் வரைந்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

இரண்டு சந்தேகம். நடு ஒட்டில் எந்த ஓரத்தை வைப்பது? பக்கப்பலகையையும் இதிலேயே எடுக்கலாமா?

இழைப்புளி:

உங்கள் 230 மி.மீ பலகையில் நடுப்பகுதிதான் முழு ஃபிளாட்சான். ஓரத்துக்குப் போகப் போக வளையம் எழுந்து ரிஃப்ட் ஆகும், அதாவது முகத்துக்குச் சாய்வாக நிற்கும். எந்த ஓரத்தில் வளையம் அதிகம் நிமிர்ந்திருக்கிறதோ அதை நடு ஒட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டு இருக்கும் இடத்தில் மரம் குறைவாக ஆடுவது நல்லது, கோபுரமும் இரண்டு பாதியின் நடுவில் அழகாக உட்காரும். ஒட்டின் உள்பக்கத்தில் குறுக்கு நார் ஸ்ப்ரூஸ் பட்டி போட மறக்க வேண்டாம்.

வளைவைக் கொஞ்சம் கூட்டுங்கள். வழக்கமாக 15 அடி ஆரம் வைத்தால் 400 மி.மீ அகலத்தில் நடுவில் 4.4 மி.மீ எழும். ஃபிளாட்சானுக்கு நான் 12 அடி வைக்கிறேன், சுமார் 5.5 மி.மீ எழும். மரம் சுருங்கும்போது வளைவு தாழ்ந்து கொஞ்சம் இழுவையை விட்டுக்கொடுக்கும். அந்த இடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

பக்கப்பலகை எடுக்கலாம். அகலம் 100, 120 மி.மீதான் என்பதால் சுருக்கம் பெரிய விஷயமில்லை. சூட்டில் வளைக்கும்போது குறுக்கே குழியப் பார்க்கும், இடுப்பு வளைவில் குறிப்பாக. மேலே உலோகத் தகடு வைத்து இறுக்கமாக அழுத்தி, அச்சிலேயே முழுக்க ஆறவிடுங்கள்.

ஒட்டுவேலை:

பழுது பார்ப்பவனாக நானும் இரண்டு சொல்கிறேன். முதலில் வேண்டாம் என்றவன்தான், இப்போது மகோகனிக்கு மறுப்பில்லை.

உள்பக்கம் ஷெல்லாக் (அரக்கு) ஒரு பூச்சு கொடுங்கள். பெரும்பாலான கிட்டார்களில் வெளியே பளபளவென்று வார்னிஷ், உள்ளே வெறும் மரம். ஈரம் ஒரு முகத்தில் மட்டும் வேகமாக ஏறி இறங்கும். ஷெல்லாக் ஈரத்தை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். மரத்துக்கு மெதுவாக மாறுவது சிரமமில்லை, ஒரே வாரத்தில் மாறுவதுதான் அதை உடைக்கிறது.

இரண்டாவது, முடித்த அன்றே முதுகின் வளைவை அளந்து எழுதி வையுங்கள். அகலமான இடத்தில் நேர்க்கோல் வைத்து, இரண்டு ஓரத்திலும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தால் போதும். பிறகு எப்போதாவது அது பாதியாகக் குறைந்தால் கிட்டாருக்குத் தாகம் என்று அர்த்தம். உடனே ஈரப்பதமூட்டியை உள்ளே போடுங்கள். என்னிடம் வந்த வெடித்த முதுகுகளில் பல, வெடிப்பதற்குச் சில வாரம் முன்பே தட்டையாகியிருக்கும்; யாரும் பார்க்கவில்லை.

வளையம்:

வருபவர்கள் யாராவது இதே கேள்வியோடு வேறு மரம் வைத்திருந்தால்: இரண்டு எண்களையும் பாருங்கள், தொடுகோட்டுச் சுருக்கம் எவ்வளவு, அது ஆரச் சுருக்கத்தைப் போல எத்தனை மடங்கு. மகோகனியில் 1.4 மடங்குக்குக் கீழே. ஈட்டியிலும் மேப்பிளிலும் இரண்டு மடங்குக்கு மேல். முதல் எண் பலகை எவ்வளவு சுருங்கும் என்று சொல்கிறது; மடங்கு அது எவ்வளவு கோணும் என்று சொல்கிறது. மகோகனி இரண்டிலும் சாது.

மரத்தூள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பலகையைக் கிழித்து 4 மி.மீ-க்குக் கொண்டுவந்து அடுக்கிவிட்டேன். கிழித்த மறுநாளே இரண்டு பாதியும் எதிரெதிராகக் குழிந்தன, இழைப்புளி ஐயா சொன்ன திசையிலேயே. ஓரத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. பாரம் ஏற்றிய பிறகு இப்போது ஒரு மி.மீகூட இல்லை.

எடை: முதல் வாரம் ஒரு பாதி 301 கிராம், இரண்டாம் வாரம் 295, மூன்றாவது 292, நான்காவது 291, இன்று 291. மறு பாதியும் இதே போக்கில் 288-இல் நிற்கிறது. அறை 48 சதவீதம் காட்டுகிறது.

இழைப்புளி:

எடை நின்றுவிட்டது, நல்லது. ஆனால் அது 48-க்கு நின்ற எடை. அறையை 42-க்கு இறக்கி இன்னும் இரண்டு வாரம் வையுங்கள். இன்னும் ஓரிரு கிராம் இறங்கும். அதன் பிறகு நடு ஒட்டுப் போடுங்கள்.

மரத்தூள்:

சரி ஐயா. ஈரம் நீக்கும் இயந்திரத்தை இன்று மாலை ஓடவிடுகிறேன். ஒட்டியதும் படம் போடுகிறேன்.